ஸ்கேன்ல குழந்தையோட குடல் வெளிய இருக்குன்னு சொல்றாங்க, யாராச்சும் பாத்திருக்கீங்களா?

12 ஜூன் 2023, இரவு 9.15 (கேள்வி)
தங்கச்சிக்கு 21 வயசு, தலைப்பிரசவம். இன்னைக்கோட 20 வாரம். குழந்தைக்கு குறை ஏதும் இருக்கான்னு பாக்குற அனாமலி ஸ்கேன்ல குழந்தையோட குடல் வயித்துக்கு வெளிய மிதக்குதுன்னு சொல்லி கேஸ்ட்ரோஸ்கிசிஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஸ்கேன் டாக்டர் ரெண்டே நிமிஷம் பேசினார், வெளிய அம்பது பேர் நிக்கிறாங்க. சொந்தக்காரங்க சிலர் கலைச்சிருங்கன்றாங்க, மாப்ள வீட்டுல கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தா இப்படித்தான்னு ஒரே அழுகை. இந்த மாதிரி குழந்தை பொழைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

12 ஜூன், இரவு 10.40
பாத்திருக்கேன். 22 வருசமா நர்ஸ். மொத ஏழு வருசம் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரி பிரசவ வார்டு, அப்புறம் இன்னைக்கு வரைக்கும் பச்சக் குழந்தைங்க ஐசியு. இந்த மாதிரி குழந்தைங்க ஒரு முப்பது கிட்ட என் கை வழியா போயிருக்கும்.

அழுறத நிறுத்திட்டு ரிப்போர்ட்ட எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க தம்பி. ஒண்ணு, வெளிய இருக்கிற குடல் மேல பை மாதிரி சவ்வு மூடிருக்கா, இல்ல சும்மா திறந்து மிதக்குதா. ரெண்டு, தொப்புள்கொடி எங்க ஒட்டிருக்கு. கேஸ்ட்ரோஸ்கிசிஸ்னா சவ்வு கிடையாது, கொடி அதோட இடத்துல ஒழுங்கா ஒட்டிருக்கும், அதுக்குப் பக்கத்துல, பெரும்பாலும் வலது பக்கமா, ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு ஒரு ஓட்டை. அது வழியா குடல் வெளிய வந்திருக்கும். சவ்வு மூடி, அந்தப் பை உச்சிலயே கொடி ஒட்டிருந்தா அது வேற வியாதி, பேரு ஆம்ஃபலோசீல். ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு பயப்படுறவங்க ஏராளம், ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறவங்களே உண்டு.

இதுல கேஸ்ட்ரோஸ்கிசிஸ் பாக்கத்தான் கோரம். ஆனா பெரும்பாலும் குழந்தைக்கு வேற கோளாறு இருக்காது. ஆம்ஃபலோசீல் பாக்க அவ்ளோ மோசமா தெரியாது, ஆனா கூடவே இதயத்துல ஓட்டை, 13, 18, 21ன்னு குரோமோசோம் கோளாறெல்லாம் வர வாய்ப்பு அதிகம். அதனால மொதல்ல எதுன்னு உறுதி பண்ணுங்க.

12 ஜூன், இரவு 10.55
வலது பக்கம்னு சொன்னது குழந்தையோட வலது. ஸ்கேன் படத்தப் பாத்துட்டு "அக்கா இடது பக்கம்ல தெரியுது"ன்னு யாராச்சும் கேட்டு வருவீங்க, அதான் முன்கூட்டியே.

13 ஜூன், காலை 6.10
நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ஸுல இருந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா விட்டுருங்க.

கலைக்கிறதப் பத்தி. 2021ல சட்டம் மாறினதுக்கு அப்புறம் சில காரணங்களுக்கு 24 வாரம் வரைக்கும் அனுமதி, பெரிய குறைபாடுன்னா அதுக்கு மேலயும் மெடிக்கல் போர்டு வழியா உண்டு. அதனால இன்னைக்கே நாளைக்கேன்னு ஓட வேண்டாம். முடிவு உங்க தங்கச்சியோடது, நான் அதுல பேச மாட்டேன். ஆனா குழந்தை அறுவை சிகிச்சை டாக்டர், பீடியாட்ரிக் சர்ஜன், அவர ஒரு தடவ பாக்காம முடிவு எடுக்காதீங்க. ஸ்கேன் டாக்டர் படத்தப் பாத்துச் சொல்றவர், அந்தக் குழந்தை மூணு வயசுல ஓடி வர்றத அவர் பாத்திருக்க மாட்டார். சர்ஜன் பாத்திருப்பார். சென்னைன்னா எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, தெக்கன்னா மதுரை பெரியாஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், எது கிட்டயோ அங்க.

பொழைக்குமான்னு கேட்டீங்க. மழுப்பாம சொல்றேன். 74 நாட்டுல 264 ஆஸ்பத்திரிய வச்சு ஒரு பெரிய ஆய்வு 2021ல லான்செட்ல வந்துச்சு. கேஸ்ட்ரோஸ்கிசிஸ் குழந்தைங்கள்ல பணக்கார நாடுகள்ல இறந்தது நூத்துக்கு ஒண்ணு ரெண்டு. நடுத்தர நாடுகள்ல 32. ஏழை நாடுகள்ல 90. ஒரே வியாதி, ஒரே ஓட்டை. ஆபரேஷன் தெரியாததால இல்ல இவ்ளோ வித்தியாசம். குளிர்ந்து போய் வர்றது, லேட்டா வர்றது, குடல் வேலை செய்ற வரைக்கும் நரம்பு வழியா சாப்பாடு குடுக்க வசதி இல்லாதது, கிருமி, இதுதான் காரணம். நம்ம ஊரு நடுவுல இருக்கு. ஆனா முன்னாடியே தெரிஞ்சு, சர்ஜன் இருக்கிற இடத்துலயே பொறந்தா உங்க குழந்தை அந்த மொத வரிசை பக்கமா நகரும். 20 வாரத்துல தெரிஞ்சது சாபம் இல்ல தம்பி, 17 வாரம் கையில கெடச்சிருக்கு.

13 ஜூன், மதியம்
தூக்கம் வரல, கிரகணக் கணக்கு போட்டுப் பாத்தேன். மாப்ள வீட்டுல சொல்றது மே 5 ராத்திரி வந்த சந்திர கிரகணம் தானே? அது புறநிழல் கிரகணம், நிலா லேசா மங்கும், பாதிப் பேருக்கு வந்ததே தெரிஞ்சிருக்காது. போகட்டும். நேத்து 20 வாரம்னா மே 5 அன்னைக்கு தங்கச்சிக்கு 14 வாரம் தாண்டியாச்சு. வயித்துச் சுவர்ல இந்தக் கோளாறு விழுறது மொத ரெண்டு ரெண்டரை மாசத்துக்குள்ள, பல பேருக்கு கர்ப்பம்னு தெரிஞ்சு புளிப்பு கேக்குற சமயம். அதாவது கிரகணம் வந்தப்போ வேலை முடிஞ்சு போச்சு. மாமியார்கிட்ட சண்டை போட வேண்டாம், இந்தத் தேதிக் கணக்க மட்டும் காட்டுங்க. சாமி மேல பாரத்தப் போடுறவங்க கூட கேலண்டருக்கு அடங்குவாங்க.

பப்பாளி, அன்னாசி, தங்கச்சி மாடிப்படி ஏறினது, எதுவும் காரணம் இல்ல. சின்ன வயசு அம்மாக்களுக்கு, 20க்குக் கீழ, இது கூடுதலா வருதுன்னு உலகம் பூரா பாத்திருக்காங்க, புகைப் பழக்கமும் சம்பந்தப்படுது. ஏன்னு யாருக்கும் முழுசா தெரியல. உங்க தங்கச்சி தப்பு பண்ணல, அத மட்டும் அவகிட்ட தெனமும் சொல்லுங்க.

15 ஜூன், இரவு
ஒரு திருத்தம். நேத்து தனியா செய்தி அனுப்பின ஒரு பொண்ணுக்கு "இதுக்கு சிசேரியன் தான் பண்ணணும்"னு சொல்லிட்டேன். இன்னைக்கு டூட்டில எங்க சர்ஜன்கிட்ட கேட்டேன், சிரிச்சார். கேஸ்ட்ரோஸ்கிசிஸுக்கு சுகப்பிரசவமே போதும், சிசேரியனால குழந்தைக்கு கூடுதல் லாபம்னு நிரூபிக்கல, தாய்க்கு வேற காரணம் இருந்தா பண்ணலாம்னார். கல்லீரல் வெளிய வந்த பெரிய ஆம்ஃபலோசீலுக்குத்தான் சிசேரியன், ஏன்னா வழியில கல்லீரல் கிழியலாம். ரெண்டையும் நானே கொழப்பிட்டேன், மத்தவங்களத் திட்டிட்டு. அந்தப் பொண்ணுக்கு மறுபடி எழுதிட்டேன்.

19 ஜூன், ஞாயித்துக்கிழம டூட்டி மாத்தி திங்கள் லீவு, அதனால நீளமா
தம்பி கேட்டது, "பொறந்த உடனே என்ன பண்ணுவாங்க". இதுதான் இந்த வியாதில பாதி. ஆபரேஷன் அதுக்கு அப்புறம்.

மொதல்ல ஒரு கதை. மாவட்ட ஆஸ்பத்திரில நான் புதுசா இருந்த காலம். ஒரு சின்ன எடத்துல வீட்டுப் பக்கத்துலயே பிரசவம் ஆகி, ஸ்கேனே எடுக்கல, குழந்தைய ஒரு வாடகைக் கார்ல கூட்டிட்டு வந்தாங்க. அஞ்சு மணி நேரம். குடல் மேல பஞ்சு வச்சு, அதுக்கு மேல அம்மாவோட பழைய சேலை சுத்தி. பஞ்சு குடல்ல ஒட்டி நூல் நூலா பிரிஞ்சு கெடந்துச்சு. நான் சேலையப் பிரிச்சப்போ குழந்தை ஐஸ் மாதிரி. தெர்மாமீட்டர் 33ஐத் தாண்டல. அந்தப் பாட்டி என்னைப் பாத்து "சுத்தமான சேலைதான் சிஸ்டர், தொவச்சதுதான்"னு சொன்னாங்க. மறுநா விடிகாலை போயிருச்சு. அந்தப் பாட்டி மேல எனக்கு இன்னைக்கு வரைக்கும் கோவம் இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல.

எனக்கு மட்டும் என்ன சொல்லித் தந்தாங்க. அப்பல்லாம் நான் பண்ணினது சலைன்ல நனைச்ச காஸ் துணி. குடல் காயக் கூடாதுன்னு நல்லா ஈரமா சுத்தி வைப்பேன், பெருமையா. பத்து நிமிஷத்துல அந்தத் துணி ஆறிடும், குழந்தை ஈரத் துணி கட்டிட்டு ஃபேன் அடில படுத்த மாதிரி. குடலோட பரப்பு எவ்ளோன்னு நெனச்சுப் பாருங்க, அது வழியா சூடும் போகும் தண்ணியும் போகும். அப்போ நாலஞ்சு குழந்தைக்கு நானே இப்படிப் பண்ணிருக்கேன். அதுல யாருக்கு என்ன ஆச்சுன்னு கணக்கு வைக்கல, வச்சிருந்தா தூங்க முடியாது.

இப்ப எப்படின்னா: கால மொதல்ல விட்டு சுத்தமான ஸ்டெரைல் பிளாஸ்டிக் பை ஒண்ணுல குழந்தைய அக்குள் வரைக்கும் எறக்கிடுறது. குடலும் உள்ள, காலும் உள்ள. ஈரமும் போகாது, சூடும் போகாது, வெளிய இருந்தே குடலோட நெறம் தெரியும். பை இல்லனா சமையல்ல சுத்துற கிளிங் ஃபிலிம் சுத்தமா இருந்தா அதுவும். சூடு குடுக்குற வார்மர் அடில. வலது பக்கம் ஒருக்களிச்சு, குடல் ஒரு பக்கமா சாஞ்சு தொங்காம. தொங்கினா ரத்தக்குழாய் மடங்கும், மடங்கினா குடல் கருக்கும். வாய் வழியா 8 இல்லனா 10 நம்பர் ட்யூப் போட்டு வயித்துல இருக்கிற காத்தையும் பச்சை கலர் பித்தத் தண்ணியையும் எடுத்துட்டே இருக்கணும். மூச்சுத் திணறினா மாஸ்க் வச்சு பையால ஊதக் கூடாது, ஊதினா காத்தெல்லாம் குடலுக்குப் போய் வீங்கும், மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போட்டுத்தான் மூச்சு குடுக்கணும். ஐவி லைன், சாதாரணக் குழந்தைய விட தண்ணி அதிகமா. ஆன்டிபயாட்டிக். தொப்புள்கொடிய ஒட்ட வெட்டாம நீளமா விட்டு ஈரமா வைங்கன்னு சொல்லணும், ஏன்னு பின்னாடி சொல்றேன். பால், சர்க்கரைத் தண்ணி, தேன், கழுதப்பால், ஒரு சொட்டு கிடையாது.

இத எல்லாம் அரை மணில பண்ணிரலாம். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

19 ஜூன், கொஞ்ச நேரம் கழிச்சு
கழுதப்பால் ஜோக் இல்ல. ஐசியு வாசல்ல சங்கோட நின்னவங்க உண்டு.

21 ஜூன்
கேள்விக்கு சம்பந்தமில்லாம ஒருத்தர் கேக்குறார், அவரோட பொண்ணுக்கு மூணு மாசம், அழுதா தொப்புள் பலூன் மாதிரி புடைக்குது, இதுவும் அதானான்னு. இல்ல சார். அது தொப்புள் ஹெர்னியா, மேல நல்லா தோல் மூடிருக்கு. பெரும்பாலும் நாலஞ்சு வயசுக்குள்ள தானா மூடிரும். அமுக்கினா உள்ள போயிட்டு சிரிச்சிட்டு இருந்தா விடுங்க. கெட்டியாகி உள்ள போகாம, வாந்தியும் இருந்தா மட்டும் ஓடி வாங்க. காசு வச்சுக் கட்டாதீங்க. ஒரு ரூபா வச்சுக் கட்டினதுல தோல் புண்ணாகி சீழ் வச்சு வந்தது பாத்திருக்கேன், ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு.

ஆனா தொப்புள்ன ஒடனே இன்னொண்ணு ஞாபகம் வருது, பிரசவ வார்டு பிள்ளைங்க யாராச்சும் படிச்சா மனசுல வைங்க. கொடியோட அடி வழக்கத்த விட குண்டா இருந்தா கிளாம்ப ஒட்டிப் போடாதீங்க. அதுக்குள்ள சின்னதா ஒரு வளையம் குடல் இருக்கலாம், குட்டி ஆம்ஃபலோசீல். கிளாம்பு போட்டு வெட்டினா குடலையும் சேத்து வெட்டினதா ஆகிடும். ரெண்டாம் நாள் தொப்புள் வழியா மலம் வந்துதான் தெரிஞ்சது ஒரு கேஸ். யார் போட்டதுன்னு சொல்ல மாட்டேன். வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, அஞ்சு செகண்டு.

2 ஜூலை
ஆம்ஃபலோசீல் பத்தி கேட்டு வந்த அக்காவுக்கு. உங்க மருமகளுக்கு 9 வாரத்துல ஸ்கேன் எடுத்து "குடல் கொடிக்குள்ள இருக்கு"ன்னு சொன்னதா எழுதிருக்கீங்க. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த வயசுல எல்லாக் குழந்தைக்கும் குடல் கொடிக்குள்ள போகும், எனக்கும் போச்சு, உங்களுக்கும் போச்சு. வயித்துல எடம் பத்தாது, குடல் வேகமா நீளுது, அதனால வெளிய போய், போயிட்டு வர்றதுக்குள்ள மொத்தமா ஒரு முக்கால் சுத்து சுத்தி, 11, 12 வாரத்துக்குள்ள திரும்பி உள்ள வந்து ஒக்காரும். வராம நின்னாத்தான் வியாதி. 12 வாரம் தாண்டி மறுபடி எடுங்க. கல்லீரலே வெளிய தெரிஞ்சா மட்டும் அப்பவே கவனிக்கணும், கல்லீரல் அப்படி போய் வர்றதில்ல.

பெரிய ஆம்ஃபலோசீல்னா ஒடனே ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, பலருக்கு இது ஆச்சரியம். வயிறு சின்னது, கல்லீரல் வெளிய, திணிச்சா மூச்சு நின்னுடும். அதனால சவ்வு மேல மருந்து தடவித் தடவி காய வைக்கிறது. வாரம் போகப் போக சவ்வு தடிச்சு, காஞ்ச தோல் மாதிரி ஆகி, ஓரத்துல இருந்து உண்மையான தோல் ஊர்ந்து வந்து மூடும். மாசக்கணக்கு. அப்புறம் ஒண்ணு ரெண்டு வயசுல சுவரத் தைப்பாங்க. அந்தக் காலத்துல இதுக்கு மெர்குரோகுரோம், முட்டில அடிபட்டா ஸ்கூல்ல தடவுவாங்களே அந்தச் செவப்பு மருந்து. அதுல பாதரசம். சவ்வு வழியா உடம்புக்குள்ள போய் விஷமாச்சுன்னு தெரிஞ்சு விட்டாங்க. அயோடின் மருந்து தைராய்டத் தொந்தரவு பண்ணும்னு அளவா பாத்துப் போடுறாங்க, சில்வர் களிம்பு நெறைய எடத்துல.

எங்ககிட்ட ஒரு பையன் இருந்தான், நாலு மாசம். வார்டுல எல்லாரும் அவன "தொப்பையப்பன்"னு கூப்டுவோம். நாக்கு பெருசா வெளிய நீட்டிட்டு இருப்பான். நாங்க ஏதோ அழகுன்னு நெனச்சோம், பெரிய டாக்டர் வந்து பாத்ததும் "சுகர் பாத்தியா"ன்னு கத்தினார். நாக்கு பெருசு, ஆம்ஃபலோசீல், பொறந்த ஒடனே சுகர் எறங்கும், மூணும் சேந்து வர்ற ஒரு வகை இருக்கு, பெக்வித் வீட்மன்னு பேரு. சுகர் 28. அன்னைலருந்து தொப்புள்ல கோளாறுன்னு குழந்தை வந்தா நான் நாக்கத்தான் மொதல்ல பாக்குறேன்.

11 ஆகஸ்ட்
தம்பி அனுப்பின ஸ்கேன்: குழந்தை எடை கம்மி, குடல் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. எடை கம்மி இந்தக் குழந்தைங்களுக்கு சகஜம், வயிறே உள்ள காலியா இருக்கிறதால அளவுக் கணக்கும் கொஞ்சம் ஏமாத்தும். கடைசி வாரங்கள்ல அடிக்கடி பாக்கணும், துடிப்பு பாக்கணும், அசைவு கொறஞ்சா ராத்திரின்னு பாக்காம போங்க. வயித்துக்குள்ளயே போயிடுற ஆபத்து சாதாரணக் குழந்தைய விட இதுல கூடுதல், அதனாலதான் 37 வாரம் கிட்ட எடுக்கலாம்னு சொல்றாங்க.

காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டேன், பதில் இல்ல. முதலமைச்சர் காப்பீடு கவுன்டர்ல இப்பவே போய் விசாரிச்சு வைங்க, பிரசவத்தன்னைக்கு ரேஷன் கார்ட தேடி ஓடாதீங்க.

5 அக்டோபர், மாலை (கேள்வி கேட்டவர்)
அக்கா பொறந்தாச்சு. பொண்ணு. 2 கிலோ 100. சுகப்பிரசவம். பையில போட்டாங்க, வலது பக்கம் படுக்க வச்சாங்க, நீங்க சொன்னது அப்படியே. கொடிய நீளமா விடச் சொல்லிக் கேட்டேன், சிஸ்டர் என்னைய மொறச்சாங்க, ஆனா விட்டாங்க. குடல் பாத்தேன், ஊறப்போட்ட மாதிரி தடிப்பா இருக்கு. ஆபரேஷன் இன்னைக்கு இல்லைன்றாங்க, ஏதோ பை மாட்டி தொங்க விட்ருக்காங்க. பயமா இருக்கு.

5 அக்டோபர், இரவு 11.30
நல்லது. தடிப்பா இருக்கிறது மாசக்கணக்கா பனிக்குடத் தண்ணில ஊறினதால. குடலே அடைபட்டு இருக்கான்னு மட்டும் பாப்பாங்க, பத்துல ஒண்ணுக்கு அது இருக்கும். தங்கச்சி சாப்டுச்சா? பால் கட்ட விடாதீங்க, இன்னைக்கே பீச்ச ஆரம்பிக்கணும்.

6 அக்டோபர்
அந்தப் பைக்குப் பேரு சிலோ. சிலோன்னா குதிர் தம்பி. நெல்லு கொட்டி வைக்கிற குதிர். எங்க பாட்டி வீட்டுல ஆள் ஒசரத்துக்கு மண்குதிர் இருந்துச்சு, அதுக்குள்ள எறங்கி ஒளிஞ்சு மாட்டி அடி வாங்கிருக்கேன், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்ற கதைதான்.

இந்தக் குதிர் எதுக்குன்னா, குடல் வீங்கிருக்கு, வயிறு சின்னது. ஒரே நாள்ல திணிச்சா வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும், கிட்னிக்கு ரத்தம் போகாது, ஒண்ணுக்கு நிக்கும், மூச்சுப்பையையும் அமுக்கும். 1967ல ஷூஸ்டர்னு ஒருத்தர் இப்படி படிப்படியா எறக்குற வழியக் கொண்டு வந்தார். இப்போ அடில ஸ்பிரிங் வளையம் வச்ச ரெடிமேட் பை வருது, வளையத்த ஓட்டைக்குள்ள விட்டா தைக்காமயே நிக்கும், மயக்க மருந்து கூட வேண்டியதில்ல. மேல வார்மர் கம்பில கட்டித் தொங்க விட்டா குடல் தன் எடைக்கே மெதுவா எறங்கும், டாக்டர் தெனம் ஒண்ணு ரெண்டு தடவ வந்து மேல கொஞ்சம் கொஞ்சமா கட்டிட்டே வருவார், பற்பசை டியூப அடில இருந்து மடக்குற மாதிரி. ரெடிமேட் பை இல்லாத காலத்துல எங்க சர்ஜன் யூரின் பேக்க கத்தரிச்சு ஸ்டெரைல் பண்ணி ஓரத்துல தச்சு மாட்டுவார். வசதி இல்லாத சில நாடுகள்ல பெண்களுக்கான காண்டம வச்சே டாக்டருங்க இத பண்ணிருக்காங்க, அவங்க புத்திக்கு கை எடுத்துக் கும்பிடணும்.

நீங்க பாக்க வேண்டியது நெறம் ஒண்ணுதான். பைக்குள்ள குடல் ரோஸ் கலர்ல, செவப்பா இருக்கணும். ஊதா, கறுப்புன்னு தெரிஞ்சா கூச்சப்படாம சிஸ்டரக் கூப்பிடுங்க. மொறச்சா மொறைக்கட்டும்.

10 அக்டோபர்
அஞ்சு நாள்ல உள்ள எறங்கிருச்சுன்னா நல்ல வேகம். கொடிய ஏன் நீளமா விடச் சொன்னேன்னு இப்ப தெரிஞ்சிருக்கும். ஓட்டை மேல அந்தக் கொடியையே மூடியா மடிச்சு வச்சு மேல ஒட்டுறது, தையல் கிடையாது. 2004ல இருந்து இந்த முறை பரவிச்சு. எல்லாருக்கும் பண்ண முடியாது, சில சமயம் கொடி காஞ்சு ஒண்ணுத்துக்கும் ஆகாது. உங்களுக்கு அமைஞ்சிருக்கு. ஒண்ணுக்கு ட்யூப்ல ஏதோ அளந்தாங்கன்னீங்களே, அதுதான் வயித்து அழுத்தம் பாக்குறது, 20க்குக் கீழ இருக்கணும்.

17 அக்டோபர்
"குடல் உள்ள போய் ஒரு வாரம் ஆச்சு, ஏன் இன்னும் பால் குடுக்கல." இதத்தான் எதிர்பாத்தேன். எல்லாரும் இங்கதான் ஒடஞ்சு போவாங்க. குடல் உள்ள போனது போனதுதான், ஆனா அது வேலைக்கு வரல. ஊறித் தடிச்ச குடல் அசைய ரெண்டு வாரம், மூணு வாரம், நாலு வாரம் கூட ஆகும். அது வரைக்கும் கையில இருந்து நெஞ்சு வரைக்கும் போற நூல் மாதிரி ட்யூப், பிக் லைன், அது வழியா சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் நேரா ரத்தத்துக்கு. டிபிஎன்னு சொல்வாங்க. 1960கள் கடைசில அமெரிக்கால டட்ரிக்னு ஒரு சர்ஜன் இத நிலைநாட்டினார், அதுக்கு முன்னாடி நல்லா ஆபரேஷன் ஆன குழந்தை கூட பட்டினில போச்சு. இதுலயும் கஷ்டம் உண்டு, கிருமி வரும், ரொம்ப நாள் ஓடினா ஈரல் மஞ்சளாகும். அந்த லைன தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் கை கழுவுறாங்களான்னு பாருங்க, டாக்டரா இருந்தாலும்.

வாய் ட்யூப்ல வர்ற தண்ணியோட கலர எழுதி வைங்க. அதுதான் உங்க ரிசல்ட்.

17 அக்டோபர், இரவு
"புதினா சட்னி கலர்"னு பதில் போட்டதுக்கு சிரிச்சிட்டேன். சரி, அதே கணக்குல வைங்க. புதினா சட்னி, அப்புறம் கீரை வெந்த தண்ணி, அப்புறம் எலுமிச்ச ஜூஸ், கடைசில எளநி. அளவும் கொறையணும். எளநி வந்து, வெளிக்கும் போனா, பால் ஆரம்பிப்பாங்க.

24 அக்டோபர் (கேள்வி கேட்டவர்)
எளநி!!! 2 மில்லி பால் குடுத்தாங்க. ரெண்டே மில்லி. தங்கச்சி அழுதுட்டா.

28 அக்டோபர், இரவு 10
மறுபடி கிரகணமா. ஆமா இன்னைக்கு நடுராத்திரி பகுதி சந்திர கிரகணம், ஒரு மணில இருந்து ரெண்டே கால் ரெண்டரை வரைக்கும், நம்ம ஊர்ல தெரியும். தங்கச்சிய ஐசியு பக்கம் போகக் கூடாதுன்னு மாமியார் தடுக்குறாங்கன்னா ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு மணி பால் பீச்சுற நேரம், அத விடக் கூடாது, ராத்திரி பீச்சலன்னா பால் கொறையும். ரூமுக்குள்ளயே ஒக்காந்து பீச்சட்டும், கிளாஸ்ல ஊத்தி நீங்க கொண்டு போய்க் குடுங்க. நீங்க கர்ப்பமா இல்லல்ல.

2 நவம்பர்
வயிறு உப்பிச்சு, மறுபடி பச்சை, பால நிறுத்திட்டாங்க. தெரியும் தம்பி, ராத்திரி மூணு மணிக்கு எழுதினத இப்பத்தான் பாத்தேன். ரெண்டு படி ஏறி ஒரு படி எறங்குறது இதுல வழக்கம்னு எழுத வந்தேன், அப்புறம் அழிச்சேன், ஏன்னா குடல் புண்ணாகுற வியாதியும் இப்படித்தான் ஆரம்பிக்கும், தூரத்துல ஒக்காந்துட்டு நான் வழக்கம்னு சொல்லக் கூடாது. எக்ஸ்ரேல என்ன சொன்னாங்க? மலத்துல ரத்தம் இருக்கா? அத மட்டும் எழுதுங்க.

4 நவம்பர்
எக்ஸ்ரே சரி, ரத்தம் இல்ல, மறுபடி 2 மில்லில இருந்து. இப்ப சொல்றேன், வழக்கம்தான். ரெண்டு நாளா போன் பக்கத்துலயே வச்சுட்டு இருந்தேன், எங்க வீட்டுக்காரர் "உனக்கு யார் பேரப்புள்ள அது"ன்னு கேட்டார்.

12 நவம்பர், தீபாவளி
மூணு மணிக்கு ஒருக்கா 30 மில்லியா! இங்க டூட்டில இருக்கேன், வெளிய ஆயிரம் வாலா. எங்க குழந்தைங்க எல்லாம் தூக்கிவாரிப் போடுது. அதிரசம் இருந்தா ஐசியு சிஸ்டருக்கு குடுங்க, மொறச்ச சிஸ்டருக்கு ரெண்டு.

22 நவம்பர்
வீட்டுக்கு வந்ததும் மறக்கக் கூடாத ஒண்ணு: பச்சையா வாந்தி எடுத்தா, மஞ்சளா இல்ல, பச்சையா, அது எப்போன்னாலும் ஆஸ்பத்திரி. இந்தக் குழந்தைங்களுக்கு குடல் அந்த முக்கால் சுத்து முழுசா சுத்திருக்காது, உள்ள ஒட்டலும் விழும், அதனால மாசம் வருசம் கழிச்சும் அடைச்சுக்கலாம். குழந்தையோட நோட்டுல மொதப் பக்கத்துலயே இந்த வியாதி பேரப் பெருசா எழுதி வைங்க, வேற ஊர்ல வேற டாக்டர் பாத்தா அவருக்குத் தெரியணும்.

தொப்புள் லேசா புடைச்சிருக்குன்னு எழுதினதுக்கு: தைக்காம மூடினா அப்படி வர்றதுதான், ஜூன் 21ல வேறொருத்தருக்கு எழுதினேன் பாருங்க, அதே ஹெர்னியா, பெரும்பாலும் தானா மூடும், அடுத்த தடவ சர்ஜன்கிட்ட காட்டுங்க. மாமியார் காசு எடுத்து வச்சிருக்காங்கன்னா அத உண்டியல்ல போடச் சொல்லுங்க. எடை எவ்ளோன்னு எழுதவே இல்லையே தம்பி?